எடைமேடையின் குரலும் ஆறாவது கட்டமும்

சென்ற மாதம் பதினான்காம் தேதி மாலை நான்கு மணிக்கு, நான் முன்பு வேலை பார்த்த துறைமுக அலுவலகத்தில் ஒரு பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது. நான் ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அழைத்திருந்தார்கள். ரேடியோ அறையில் இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிய ஓர் அம்மையாருக்கு அன்று கடைசி நாள். அறையில் எல்லாரும் அவரை அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'எடைமேடை' என்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

கூட்டத்தில் பேசிய இளம் அதிகாரி, "அக்கா இங்க வந்தப்போ அவங்க ஆங்கிலம் கொச்சையா இருந்துச்சாம். விடாம பயிற்சி எடுத்து, வெள்ளைக்காரங்களே அசந்து போற அளவுக்குப் பேசக் கத்துக்கிட்டாங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அக்கா என் பக்கம் சாய்ந்தார். "அண்ணே, இவரு யாரைப் பத்திப் பேசறாரு?"

"உங்களைப் பத்தித்தான்."

"அப்படி ஒரு பொம்பளைய நான் பார்த்ததே இல்லையே. நீங்களாவது நடந்ததை நடந்தபடி எழுதி வைங்க. கோடு போட்டவரு நீங்கதானே."

அதனால் எழுதுகிறேன்.

துறைமுகக் கோபுரத்தின் நான்காம் மாடியில் இருந்தது ரேடியோ அறை. அறுபத்தெட்டுப் படிகள். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் கடிகாரமும் அலமாரியும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் முதலில் இந்த அறையைத்தான் அழைக்கும். எங்கே நங்கூரம் போடுவது, எத்தனை மணிக்கு உள்ளே வருவது, கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் எந்தப் பக்கத்து ஏணியில் ஏறுவார் என்பதையெல்லாம் இங்கிருந்து மைக்கில் சொல்ல வேண்டும். ஒரு கப்பல்தலைவர் மூக்கால் பேசுவார். இன்னொருவர் வாயில் கூழாங்கல்லை உருட்டுவதுபோல் பேசுவார். வேறொருவர் எல்லாச் சொல்லையும் பாட்டாக்கி இழுப்பார். பேசுவது மட்டும் ஒரே மொழி, ஆங்கிலம். அங்கிருந்து பேசுகிறவருக்கும் அது தாய்மொழி இல்லை, இங்கிருந்து பேசுகிறவருக்கும் இல்லை. இந்த எளிய உண்மையை நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை.

என் வேலை பேசுவது அல்ல, எழுதுவது. பேசப்படும் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றுவேன். ஒரு வரிக்கு ஆறு கட்டங்கள்: நேரம், கப்பல், பேசியவர், செய்தி, பதில், மறு. ஆறாவது கட்டமான 'மறு' என்பது எனக்கு முன்னிருந்தவர் ஏற்படுத்திய வழக்கம். எதிர்முனையில் இருப்பவர் "சே அகெய்ன்" என்று, அதாவது மறுபடி சொல் என்று, கேட்கும் ஒவ்வொரு முறைக்கும் அதில் ஒரு சிறு கோடு போட வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோடுகளை யாரும் பார்த்ததும் இல்லை. ஆனாலும் போட்டேன். அதனால் எனக்கு 'கோடு' என்று பெயர்.

அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் சிமெண்டு கிடங்கின் எடைமேடையில் இருந்தார். லாரி வந்து மேடையில் நிற்கும். அவர் கூண்டுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் எடையை ஒவ்வோர் இலக்கமாக அறிவிப்பார். லாரிக்காரர்கள் பல ஊர், பல பாஷை என்பதால் இலக்கங்களை ஆங்கிலத்தில் சொல்வது அங்கே வழக்கம். ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் சீட்டு கிடைக்கும். சரியாகத் திருப்பிச் சொல்லாத வண்டி நகராது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும் நகராது.

அந்தத் தூசி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. இன்னும் ஓராண்டு அங்கே இருந்தால் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். துறைமுகத்தில் தூசி இல்லாத இடம் எங்கள் கோபுரம் ஒன்றுதான். ஓர் இடம் காலியாக இருந்ததால் தற்காலிகமாக அனுப்பினார்கள். இங்கே நிலைத்தால் மூச்சு. இல்லையென்றால் மறுபடி சிமெண்டு. முதல் நாள் அறுபத்தெட்டுப் படிகள் ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும்.

அன்று காலை எட்டு இருபதுக்கு ஒரு மரக்கப்பல் அழைத்தது, அதாவது மரம் ஏற்றி வந்த கப்பல். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"குட்டு மார்னிங்கு கேப்டன். ஆங்கரு பொசிஷன். ஒன். எய்ட்டு. ஜீரோ. ரிப்பீட்டு பேக்கு."

என் பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. சிரிப்பை அடக்க முயன்றவன் எங்கள் இன்னொரு ரேடியோ பேச்சாளன். நுனிநாக்கில் ஆங்கிலம் பேசுவான் என்பதால் அவனுக்கு 'நுனிநாக்கு' என்றே பெயர். இருபத்தெட்டு வயது. பேச ஆரம்பித்தால் சொற்கள் எண்ணெய் தடவியதுபோல் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு போகும். கேட்க அழகாகத்தான் இருக்கும்.

"அக்கா, எல்லா வார்த்தைக்கும் வாலு வெச்சுத் தைக்கறீங்களே, தையல் கூலி யாரு குடுக்கறா?" என்றான்.

"வாலு இருந்தாத்தான் தம்பி பிடிக்கறதுக்கு வசதி" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்த வரியின் ஆறாவது கட்டம் காலியாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. காலிக் கட்டத்தை யார் கவனிப்பார்கள்?

ஏழு வாரம் இப்படிப் போனது. நாற்பது பணிவேளைகள். ஏழாம் வாரம் விருந்தினர் சிலரை அழைத்துக்கொண்டு தலைமை அதிகாரி வந்தார். அவரை 'பெரிய சார்' என்போம். கீழ்த்தளத்து ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்டிருக்கிறது. விருந்தினரில் ஒருவர் புன்னகைத்திருக்கிறார். மறுநாள் கடிதம் வந்தது: ரேடியோ அறைக்கு ஏற்ற உச்சரிப்பு இல்லை, ஆறு வாரம் உச்சரிப்புப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும், திரும்பி வந்த மூன்றாம் வாரம் சோதனை, தேறாவிட்டால் பழைய இடம்.

பழைய இடம் என்று படித்ததும் அக்கா இருமினார். கடிதத்துக்கும் இருமலுக்கும் தொடர்பில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

பயிற்சிக் காலத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன், கையெழுத்து வாங்க. கணவர் பேருந்து ஓட்டுநர், அன்று விடுமுறை. பன்னிரண்டு வயது மகள் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். உதடு எப்படிக் குவிகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

"அம்மா, உதட்ட அவ்வளவு குவிக்காதே. விசில் அடிக்கிற மாதிரி இருக்கு."

"டீச்சர் அப்படித்தாண்டி சொன்னாங்க. வாய்க்குள்ள சூடா ஏதோ இருக்கிற மாதிரி நினைச்சுக்கணுமாம்."

கணவர் என்னைப் பார்த்து, "சார், ஆறு வாரமா இந்த வீட்ல எனக்குத் திட்டே விழலை. கோவம் வந்தாக்கூட வாயைச் சரி பண்ணிட்டுத்தான் பேசறா. அதுக்குள்ள நான் வெளிய போயிடறேன்" என்றார்.

அக்கா சிரித்தார். வாயை மூடிக்கொண்டு சிரித்தார். முன்பு அப்படிச் சிரிக்க மாட்டார்.

திரும்பி வந்தவர் வேறு ஆள். சொற்களின் வால்கள் எல்லாம் அறுந்திருந்தன. இலக்கங்களை மாலை மாதிரி கோத்துச் சொன்னார். திருப்பிச் சொல்லும்படி கேட்பது மரியாதைக் குறைவு என்று வகுப்பில் சொன்னார்களாம்; அதையும் விட்டுவிட்டார். நுனிநாக்கு மனமார, "அக்கா, இப்பத்தான் ரேடியோ அறை மாதிரி இருக்கு" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவர் தேற வேண்டும் என்றுதான் அவனும் ஆசைப்பட்டான். நானும்தான்.

ஆனால் என் பேனா வேறு கதை சொல்லிற்று. அவர் திரும்பிய நான்காம் நாள், பக்கத்தின் வலது ஓரம் கறுத்துத் தெரிந்தது. ஆறாவது கட்டம் முழுக்கக் கோடுகள். பழைய பக்கங்களைப் புரட்டினேன். அக்கா பழைய குரலில் பேசிய நாற்பது பணிவேளைகளில் மொத்தம் ஐம்பத்திரண்டு கோடுகள். நாளுக்கு ஒன்றே சொச்சம். அதே நாட்களில் நுனிநாக்கின் நாற்பது பணிவேளைகளுக்கு முந்நூற்றுப் பதினெட்டு. நாளுக்குக் கிட்டத்தட்ட எட்டு. இப்போது அக்காவுக்கும் நாளுக்கு ஏழு விழுந்துகொண்டிருந்தது.

பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கோடுகளை நானே போட்டுவந்தேன். கப்பல்காரர் மறுபடி கேட்டால் எங்கள் அறையில் என்ன சொல்வோம் தெரியுமா? "அவனுக்கு இங்கிலீஷ் வரலை." அவ்வளவுதான். மூக்கால் பேசுகிறவருக்கு வரவில்லை, கூழாங்கல்காரருக்கு வரவில்லை, பாட்டுக்காரருக்கு வரவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் ஆங்கிலம் வரவில்லை, எங்களைத் தவிர! அந்த எண்ணத்தோடேயே நானும் கோடு போட்டுவந்தேன்.

இதைக் கண்டுபிடித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதிவேட்டுக்காரன் கேட்டால்தான் பேச வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. உண்மைக் காரணம் வேறு: பேசுவது என்றாலே எனக்கு நடுக்கம். என் ஆங்கிலமும் அக்காவின் பழைய ஆங்கிலம் போன்றதே. இளவயதில் ஒரு நேர்முகத்தில் என் உச்சரிப்பைக் கேட்டு ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகுதான் பேசத் தேவையில்லாத இந்த நாற்காலியைத் தேடிப் பிடித்தேன். பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட மைக்கைத் தொட்டதில்லை. ஆக, இரண்டு வாரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதையும் பதிவில் சேர்க்க வேண்டும்.

சோதனை நாள் வந்தது. அக்கா திரும்பி வந்தபின் அது பதினேழாவது பணிவேளை. காலை பத்து மணி. மழை, தென்மேற்கிலிருந்து காற்று. பெரிய சார் ஒரு தாளும் பென்சிலுமாக அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பைலட்டும் மேலே வந்திருந்தார். காற்று தணியும்வரை அவருக்கு வேலை இல்லை. நுனிநாக்கு சுவரோரம் நின்றான்.

முதல் இரண்டு அழைப்புகள் சுமாராகப் போயின. பெரிய சார் தாளில் ஏதோ குறித்துத் தலையாட்டினார்.

பத்து பதினேழுக்கு, வெளியே நங்கூரமிட்டிருந்த ஒரு சர்க்கரைக் கப்பல் மெல்ல நகர்வது கண்ணாடி வழியே தெரிந்தது. நங்கூரம் தரையில் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அலைதடுப்புப் பாறைகள். இடையில் அரை மைல் இருக்கலாம். தலைவர் அந்தக் கூழாங்கல்காரர்.

அக்கா அழைத்தார். கோத்த மாலையாக, வழுக்கும் குரலில், நங்கூரம் நகர்கிறது, இன்ஜினைத் தயார் செய்யுங்கள், இழுவைப் படகு வருகிறது என்று சொன்னார்.

"சே அகெய்ன்." ஒரு கோடு.

மறுபடி சொன்னார். "சே அகெய்ன், ப்ளீஸ்." இரண்டு.

மூன்றாம் முறை. கூழாங்கல்காரரின் குரலில் பதற்றம் ஏறிவிட்டது. மூன்று கோடு. கப்பல் இன்னும் கொஞ்சம் பாறைப் பக்கம் வந்திருந்தது.

அக்கா மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். பின்னால் திரும்பிப் பெரிய சாரைப் பார்த்தார். பிறகு கப்பலைப் பார்த்தார். அவர் என்ன முடிவெடுக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்துவிட்டு, எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்ததுபோல் நிமிர்ந்தார்.

"கேப்டன். ஸ்டாப்பு. லிசன். யுவர் ஆங்கரு மூவிங்கு. ஸ்டார்ட்டு இன்ஜின். ரிப்பீட்டு பேக்கு."

ஒரு விநாடி. கூழாங்கல் உருண்டது: நங்கூரம் நகர்கிறது, இன்ஜின் தொடங்குகிறேன்.

"குட்டு. ஒன் டக்கு கம்மிங்கு. லெஃப்டு சைடு. டைம், டென். த்ரீ. ஜீரோ. ரிப்பீட்டு பேக்கு."

இழுவைப் படகு, இடப்பக்கம், பத்து முப்பது. சொல் பிசகாமல் திரும்பி வந்தது. பத்து முப்பத்திரண்டுக்குப் படகு கயிறு போட்டது. பத்து ஐம்பத்தொன்றுக்குக் கப்பல் பாறையைவிட்டு விலகி ஆழமான நீரில் நின்றது. அதுவரை பழைய குரலில் அக்கா பதினொரு முறை பேசினார். ஆறாவது கட்டத்தில் ஒரு கோடும் இல்லை.

அக்கா தலைக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சார், மன்னிச்சிடுங்க. பயிற்சி மறந்து போச்சு" என்றார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், எழுந்து போக வேண்டியவர்போல்.

பெரிய சார் பெருமூச்சு விட்டார். "காரியம் நல்லபடியா முடிஞ்சுது அம்மா, நன்றி. ஆனா நான் பார்க்க வந்தது உச்சரிப்பு. அதுல நீங்க..." என்று பென்சிலை எடுத்தார்.

அப்போது என் நாற்காலி நகர்ந்தது. நகர்த்தியது நானேதான், ஆனால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"ஆறாவது கட்டம், சார்."

"இந்தக் கோடெல்லாம் என்ன?"

"நாம சொன்னது புரியாம அவங்க மறுபடி கேட்டது."

அவர் புரட்டினார். "இது யாரு பேசின நாளு?"

"தம்பி பேசினது."

"இது?"

"அக்கா, பயிற்சிக்கு முன்னாடி."

"இங்க ஒண்ணுமே இல்லையே."

"அதான் சார்."

"இத்தனை வருஷமா இதை ஏன்யா சொல்லலை?"

"யாரும் கேட்கலைங்க சார்."

பைலட் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "சார், நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "நான் கப்பல்ல ஏறி மேல்தட்டுல நிக்கும்போது இந்தத் தம்பி ரேடியோல பேசினா, கேப்டன் என் மூஞ்சியப் பார்ப்பாரு, என்ன சொல்றாங்கன்னு. அக்கா பேசினா என்னைப் பார்க்கறதே இல்லை. நேரா வேலையப் பார்க்கப் போயிடறாரு. நான் எதுக்கு நிக்கறேன்னு எனக்கே சந்தேகம் வந்துடும்."

பெரிய சார் சுலபத்தில் நம்புகிறவர் அல்லர். அதற்காக அவரை மதிக்கிறேன். "இருக்கலாம். அந்த நாள்ல வந்த கப்பல்காரங்களே நல்லாப் புரிஞ்சுக்கறவங்களா இருந்திருக்கலாம்" என்றார். மேற்சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். ஒரே கப்பல்தலைவர் இருவரிடமும் பேசிய வரிகளை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னார். நான் படிக்க, அவர் பென்சிலால் குறிக்க, மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. அதுவரை அக்கா கைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்குப் பெரிய சார் நிமிர்ந்தார். கூழாங்கல்காரர் ஒருவரே நுனிநாக்கிடம் முப்பத்தொரு முறை மறுபடி கேட்டிருக்கிறார். அக்காவின் பழைய குரலிடம் இரண்டு முறை. மற்றவர்களும் அதே விகிதம்தான்.

"அம்மா," என்றார், "அந்த வகுப்புக்கு உங்களை அனுப்பினது நான். அது என் தப்பு. நீங்க பழையபடியே பேசுங்க."

"சோதனை, சார்?"

"சோதனைல தேறாதது நாங்க."

அக்கா கைப்பையை மேசைக்குக் கீழே வைத்தார். பிறகு வாயைத் திறந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பத்து வாரம் ஆகியிருந்தது.

அதிலிருந்து நாற்பதாம் நாள் அக்காவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதோடு இன்னோர் உத்தரவும் வந்தது: ரேடியோ அறையில் எல்லாரும் இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், எதிர்முனை திருப்பிச் சொல்லும்வரை அடுத்த செய்திக்குப் போகக் கூடாது. அதாவது எடைமேடை முறை. நுனிநாக்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு ஒருநாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அந்த வாலு... எங்கெங்க தைக்கணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

"தையல் கூலி யாருடா குடுப்பா?"

"டீ வாங்கித் தரேன்."

அவ்வாண்டு முடிவதற்குள் அவன் கோடுகள் நாளுக்கு இரண்டாகக் குறைந்தன. உச்சரிப்பை அவன் மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. நிதானமும் பொறுமையும் மட்டும் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டான். அதுதான் சரக்கு என்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

என் பங்குக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவருக்கு நிரந்தர உத்தரவு வந்த மறுவாரம் வியாழக்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்கு, அக்கா தண்ணீர் குடிக்கக் கீழே போயிருந்தார். நுனிநாக்கு விடுப்பு. மரக்கப்பல் அழைத்தது. ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறை அழைத்தபோது என் கை மைக்குக்குப் போனது. என் வாயிலிருந்து வந்தது என் சொந்த ஆங்கிலம். இளவயதில் ஒருவர் சிரித்த அதே ஆங்கிலம். பைலட் வரும் நேரத்தை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன், திருப்பிச் சொல்லச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். நன்றியும் சொன்னார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைப் பதிவேட்டில் ஏற்றினேன். பேசியவர் என்ற கட்டத்தில் முதன்முறையாக என்னைக் குறித்தேன். அதற்குள் அக்கா படியேறி வந்துவிட்டார். அன்று ஓரிடத்திலும் நிற்காமல் ஏறினார் என்பதை அவர் மூச்சே சொன்னது. என் தோளுக்கு மேலே எட்டி ஆறாவது கட்டத்தைப் பார்த்தார்.

"ஒரு கோடுதானா அண்ணே?"

"ஆமாம்மா. முதல்ல கொஞ்சம் வேகமாச் சொல்லிட்டேன்."

"பதினெட்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னா ரொம்பக் குறைச்சல்" என்றார்.

அந்தப் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் வரி நினைவிருக்கிறது. அதற்குப் பின் ஓய்வு பெறும்வரை நானும் இருநூற்று ஆறு முறை மைக்கில் பேசினேன். அவ்வளவும் அந்த அம்மையார் எனக்குக் கொடுத்தது. கூட்டத்தில் பேசிய இளம் அதிகாரிக்கு இதன் பிரதி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். அக்காவின் ஆங்கிலத்தை யாரும் மாற்றவில்லை. அவர்தான் எங்களை மாற்றினார். இந்தத் திருத்தத்தைப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.